எனக்கும் சேர்த்து ஒரு 'உள்ளேன்'

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? தையல் மெஷினே கதியென்று குனிந்து கிடக்காதீர்கள்.

மாற்றலாகி வந்த இந்த ஊர்ப் பள்ளியில் பெற்றோருக்கு வகுப்பெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'அப்பா அம்மாவை அழைத்து வா' என்று பிள்ளைகளிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன். அதுதான் தப்பாகிவிட்டது. ஒரு லாரி டிரைவர் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சான் டீச்சர்? காதைத் திருகித்தான் கூட்டிட்டு வர்றேன்."

"ஐயோ, அவன் ஒண்ணும் பண்ணலைங்க. பாடம் உங்களுக்குத்தான்."

"எனக்கா? அப்ப என் காதை யாரு திருகறது?"

மகன் சிரித்துவிட்டான். அவரும் முழங்கால் இடிக்க அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். தினமும் பத்து நிமிடம் பிள்ளையிடம் பள்ளிக் கதை கேளுங்கள் என்றேன். அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்.

நம் மகளின் முதல் நாள் நினைவுக்கு வந்தது. அழுகிறாளென்று நீங்களும் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். டீச்சர் அவள் பெயரைக் கூப்பிட்டதும் நீங்கள் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று எவ்வளவு சிரித்தேன்!

இப்போது எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளியிலும் பெற்றோர் வகுப்பு நடக்கிறதாம். இதுவரை நடந்த இரண்டு தடவையும் தனியாகவே உட்கார்ந்திருந்தாளாம். அவள் சொல்லவில்லை, அவளுடைய டீச்சர் சொன்னார். ஊரார் பிள்ளைகளுக்காக இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன் நான்.

இந்தச் சனிக்கிழமை அடுத்த வகுப்பாம்; கடையைச் சாத்திவிட்டுப் போங்கள். நீலச் சட்டை போடுங்கள். எந்த பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், அவள் என்ன பேசினாள் என்று எழுதுங்கள். மணி அடித்துவிட்டது.

பெயர் கூப்பிட்டால் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
டீச்சரம்மா