மூடியின் மேல் தணல்

லிபெர்த்தா, பலெர்மோ
14.02.2004

அன்புள்ள அத்தான்,

கால்வலி எப்படி? எனக்குக் களைப்புத்தான்.

நான் பராமரிக்கும் வயதான நோறா சிஞ்ஞோரா, அதாவது நோறா அம்மா, அயர்லாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இப்போது இத்தாலியன் மறந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிறார். எதைக் கொடுத்தாலும் துப்புகிறார். தன் தாய் அடுப்பில் சுட்ட பாண்தான் வேண்டுமாம். மாவு, அப்பச்சோடா, புளித்த மோர், ஈஸ்ட் கிடையாது. நானும் ரொட்டிக்குக் குழைப்பதுபோல அடித்துக் குழைத்துச் சுட்டேன். கல்லாகிவிட்டது. மேசையில் தட்டிப் பார்த்து, "இதை வைச்சுச் சுவர் கட்டு" என்றார்.

இப்படியே சாப்பிடாமல் இருந்தால் முதியோர் இல்லத்தில் விடப்போவதாக அவருடைய மகன் சொல்கிறார். வேலை போனால் இங்கே தங்குவதற்கான என் பெர்மெசோவும் போய்விடும்.

உங்கள்
குகனேஸ்வரி

கோப்பாய்
08.03.2004

அன்பின் குகனேஸ்,

என் காலைப் பற்றி ஒரு வரி, வெள்ளைக்காரியின் பாணைப் பற்றி ஒரு பக்கம். நல்லது.

கிழவியை இல்லத்தில் விட்டால் விடட்டும். அதோடு நீர் புறப்பட்டு வாரும். சண்டையும் நின்று பாதையும் திறந்தாயிற்று. இனி என்ன சாட்டு? கேட்கிறவர்களுக்கெல்லாம் "ஓம், வாறா" என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. கோபத்தில் எழுதவில்லை. தனியே சாப்பிட்டுத் தனியே படுக்க இனி என்னால் முடியாது. இந்த முறையும் வராவிட்டால் நான் காத்திருக்க மாட்டேன்.

தவராசா

லிபெர்த்தா, பலெர்மோ
02.04.2004

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். நீங்கள் சொன்னதெல்லாம் சரி. வரத்தான் நினைத்தேன். பெட்டியையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்திருந்தார். தாய் இன்றைக்கும் துப்பினால் இல்லத்துக்குப் போன் பண்ணுவதாகச் சொன்னார். நான் மறுபடி மாவைக் குழைக்கத் தொடங்க, சிஞ்ஞோரா குசினிக்கு வந்து என் கையில் ஒரு அடி போட்டார். "குழைக்காதை. சும்மா சேர்த்தெடு, காணும்" என்றார். மேலே கத்தியால் சிலுவை கீறவைத்தார். கபோ சந்தையில் வாங்கிய கரியைப் பால்கனியில் மூட்டி, இரும்புச் சட்டியை வைத்து, மூடியின் மேலும் தணல் போட்டேன். அவருடைய தாயும் அப்படித்தானாம். புகை என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்.

சிஞ்ஞோரா நாற்காலியில் தூங்கிவிட்டார். மகன் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் நின்றிருந்தால் பாண் கருகியிருக்கும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் உங்களிடம் வந்திருப்பேன்.

எல்லாம் தெரிந்தே மூடியைத் தூக்கினேன்.

வெண்ணெய் பூசிச் சாப்பிட்டார். மகன் போன் பண்ணவில்லை.

உங்களைப் பிடிக்காமல் அல்ல, அத்தான். அங்கே வந்து முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. காத்திருக்க வேண்டாம்.

குகனேஸ்வரி