நாயனாவின் துண்டு இனி பெட்டியில் இல்லை

என் கண்ணே சுதீருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா பத்மாவும் எருமையும் சுகம், அங்கே நீ சுகமாக இருந்தே ஆக வேண்டும், வேறு பேச்சே கிடையாது. மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது, கடலைச் செடி வாடி நிற்கிறது. பத்மாவுக்கு இது ஏழாம் மாதம், கேழ்வரகுக் களியைக் கண்டாலே ஓடுகிறாள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் திட்டினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரை படி.

உன் சித்தப்பா ஓபுலேசு உன்னிடம் பேசியது எனக்குத் தெரியும், அவனே வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். உன்னைப் பெற்ற நாயனாவை வெட்டிய கொண்டப்பாவின் மகன், அந்தப் பார்கவ் பையனும் உன் யூனிவர்சிட்டியிலேயே எம்.எஸ். படிக்கிறான், உனக்கு அடுத்த தெருவில் இருக்கிறான், வேலை முடிந்து தனியாக நடந்து போகிறான். "அங்க கூட்டமும் இல்ல, காவலும் இல்ல அண்ணி, ஒரு இரும்புக் கம்பி போதும்னு சொன்னேன், பையன் வேணாம்னு சொல்லல" என்றான். பையன் வேண்டாமென்று சொல்லவில்லையாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூகம்பம் வந்தாலும் விழாத கட்டடம் கட்டப் படிக்கிறேன் என்று விமானம் ஏறினவன் நீ, கம்பியை அதற்குப் பிடி.

வெட்டு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. நீ ஹாஸ்டலிலிருந்து வருவதற்குள் துணி சுற்றிப் பூப்போட்டு நாயனாவை முழு ஆளாக ஆக்கி வைத்துவிட்டார்கள். நான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார், நாட்டு வெடிகுண்டு விழுந்தது, எல்லோரும் ஓடினார்கள், இவருக்குக் கால் போய்விட்டது. பிறகு அரிவாளோடு வந்தார்கள். தலைக்குக் குறுக்கே கையை வைத்தார், அதனால் முதலில் கைகள்தான் போயின. கொண்டப்பா மூச்சு வாங்க நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி வெட்டினான், விறகு பிளக்கிறவன் மாதிரி. நான் விரல்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன், டாக்டர் ஒட்டவைப்பார் என்று நினைத்தேன், அவ்வளவு பைத்தியம் எனக்கு. அதில் வீரம் ஒன்றும் இல்லையடா. அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே செத்தார். அதற்கு முந்தின வருஷம் இவருடைய ஆட்கள் வெட்டின கொண்டப்பாவின் தம்பியும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், எவனும் சாட்சி சொல்லமாட்டான், வெட்டு வாங்கின வீட்டாரே சொல்லமாட்டார்கள். வெட்டினவன் ஜெயிலுக்குள் போய்விட்டால் நம் கைக்கு எட்டமாட்டானே என்ற கவலை. என்னையும் பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னான் சித்தப்பா. நாயனாவின் தோள் துண்டைப் போலீஸ் கண்ணில் படாமல் ரத்தத்தோடு எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தான், படித்து முடித்து வரும்போது உனக்குக் காட்டவேண்டுமாம். திங்கட்கிழமை அந்தப் பூட்டை அம்மிக்குழவியால் உடைத்தேன். வாசலில் மறித்து என்னை அறைந்தான், கடைவாய்ப் பல் ஒன்று இன்னும் ஆடுகிறது. குழவி என் கையில்தான் இருந்தது, ஓங்கினேன், வழி விட்டான். கோர்ட்டில் கூண்டேறித் துண்டைக் கொடுத்து, இவன்தான் வெட்டினான், நான் பார்த்தேன் என்று கொண்டப்பாவின் முகத்துக்கு நேரே கை நீட்டினேன். வெளியே அவன் பெண்டாட்டி ராமசுப்பம்மா நின்றாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என் பையன் உன் பையன் இருக்கற ஊர்லதான் இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். நான் கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். என்னத்தைச் சொல்ல, நீதான் வேண்டாமென்று சொல்லவில்லையே.

இனி உனக்காகக் காத்திருக்கும் துண்டு எதுவும் இந்த வீட்டில் இல்லை. உன் கை அந்தப் பையன்மேல் பட்டால் சித்தப்பா உனக்கு மாலை போடுவான். நான் அந்த ஊர்க் கோர்ட்டுக்கே வந்து கூண்டேறி, இவன்தான், நான் பெற்றவன்தான் என்று உன் முகத்துக்கு நேரே கை நீட்டுவேன். எனக்கு இப்போது அது பழகிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நரசிம்மசாமி உன் புத்தியையும் கையையும் காக்கட்டும், நூறு வயது இரு. பார்சலில் இரண்டு ஊறுகாய் டப்பா இருக்கிறது, பச்சை மூடி உனக்கு. சிவப்பு மூடி, நம் பார்சல் போகிறது என்று கேள்விப்பட்டு ராமசுப்பம்மா தன் பையனுக்குக் கொடுத்தனுப்பியது. விஷமோ என்று ஒரு வாய் தின்று பார்த்தேன், சாகவில்லை, உப்புதான் குறைச்சல். நீயே கொண்டுபோய் அவன் கையில் கொடு. கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னால் நம்பமாட்டேன். அவன் தன் அம்மாவுக்குப் போன் பண்ணவேண்டும், அவள் தெருவைத் தாண்டி வந்து என்னிடம் சொல்லவேண்டும். அதுவரை நான் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா,
ஈஸ்வரம்மா