மேசையில் கிடந்த ஸ்லீவ்

ஞாயிறு, இரவு

எங்கள் ரேஸ் காரை விற்றாயிற்று. வாங்கினவர் நாளைக் காலையில் எடுக்க வருவதாக இருந்தது. பெட்ரோல் போகிற குழாயை, அந்த ஹோஸை மட்டும் புதிதாக மாற்றித் தருவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

கல்யாணமான புதிதில் போலவே, மதியம் ஷெட்டில் கம்பிப் பின்னல் ஹோஸை நான் பிடித்துக்கொள்ள, இவர் டேப் சுற்றி அறுத்தார். கம்பி முனை என் விரலில் குத்தியது. அப்போதெல்லாம் ஊதிவிடுவார். இன்றும் ஊதினார்.

ஒரு முனையில் இணைப்பு ஃபிட்டிங் மாட்டியதும், சூடு தாங்குகிற உறையை, அந்த ஸ்லீவை ஹோஸில் கோத்துவிட வேண்டும். மறுமுனையிலும் மாட்டிவிட்டால் ஸ்லீவ் உள்ளே நுழையாது. அது மேசையிலேயே கிடந்தது. நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை; சொன்னால் நாளைக்கே கார் போய்விடும். இவர் மறுமுனையையும் முறுக்கி முடித்தார்.

"அட, ஸ்லீவ் போடாம உட்டுப்போட்டேன் கண்ணு! நீயாச்சும் பாக்கலையா?"

"இல்லீங்க."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செரி, கழட்டித்தான் மாட்டோணும். அவரை அடுத்த ஞாயித்துக்கெழமை வரச் சொல்லிப்போடறேன்."

அரை மணி நேர வேலைக்கு ஒரு வாரமா என்று நான் கேட்கவில்லை.

இப்போதுதான் உறைக்கிறது. ஸ்லீவ் கிடந்தது இவர் முழங்கைக்குப் பக்கத்தில்.