மூணாவது கை

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மகளின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி தேவலையா அம்மா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. குழந்தைகள் புத்தகத்துக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு குடும்பப் படம் வரைகிறேன். திரை முழுக்க ஒரே விரல் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, நாளுக்கொரு கையாக நகம், நரம்பெல்லாம் இழைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார்.

"விரலையே வரையறியே, ஆளைக் காட்டும்மா!"

சுருக்கிக் காட்டினால், படத்து அப்பாவுக்கு மூணு கை! ஒன்றில் பேப்பர், ஒன்றில் டம்ளர், ஒன்று மகள் தோளில். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான்.

பேப்பர் பிடித்த கையை அழித்தேன். தோளில் இருந்ததைத் தொட மனசு வரவில்லை.

இப்போது முழுப் படமும் திரை மூலையில் சின்னதாக எப்போதும் தெரிகிற மாதிரி அக்கா வைத்துக் கொடுத்திருக்கிறார்.

அம்மா, வீடியோ காலில் உன் நெற்றியும் ஃபேனும்தான் தெரிகிறது. யாரையாவது தள்ளி நின்று உங்கள் இரண்டு பேரையும் முழுசாக ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பு. அதையும் அந்த மூலையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா கூப்பிடுகிறார், ஓடுகிறேன். போட்டோவில் அப்பாவோட ரெண்டு கையும் தெரியணும், ஆமா!