நாற்காலியில் மாப்பிள்ளை

சின்சினாட்டி, 3 மார்ச் 1851

நீதிபதிக்குச் சவரம். புதுச் சட்டத்தைச் சாய்ந்தபடியே விளக்கினார். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமையைப் பிடித்துக் கொடுப்பது ஊரார் எல்லாருக்கும் கடமையாம். பிடிபட்டவன் தன் பக்கத்தைச் சொல்ல வாய் திறக்கக் கூடாதாம். "அருமையான சட்டம், ஐயா" என்றேன். வாயோரம் நுரையைக் கொஞ்சம் தாராளமாக அப்பினேன். என் வீரம் அவ்வளவுதான்.

5 மார்ச்

இன்று நம்மைப் போல் கறுப்பர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். முடியாதென்று அனுப்பினேன். அவர் முகத்தில் பட்ட பிரஷ் என்று தெரிந்தால் வெள்ளைக்காரன் ஒருவனும் வரமாட்டான். ஊரில் எல்லாக் கறுப்பு நாவிதர்களும் இப்படித்தான் பிழைக்கிறோம். எனக்கே சவரம் வீட்டுக் கொல்லையில். தன் கடை நாற்காலியில் உட்காரத் தகுதியில்லாத முதலாளி!

9 மார்ச்

மாப்பிள்ளை ஆம்ப்ரோஸைத் தேடி, அவன் தப்பி வந்த ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, பழைய எஜமான் டாகெட் வந்திருக்கிறான். சுவரெல்லாம் நோட்டீஸ். அடையாளம்: அடர்ந்த தாடி. அவ்வளவே. ஒருவனை இத்தனை காலம் சொந்தமென்று வைத்திருந்தவனுக்கு அவன் கண் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை.

மகள் லவீனியாவுக்கு இது எட்டாம் மாசம். "அவரைக் கொண்டுபோயிடுவாங்களாப்பா?" என்றாள்.

10 மார்ச்

இன்றே எழுதிவிடுகிறேன்.

காலையில் கடை நிறைய ஆள். ஆம்ப்ரோஸ் பின்கதவு வழியாக ஓடி வந்தான். "மாமா, வீட்டுக்கு வந்துட்டாங்க!" ஒளிய இடமில்லை. நாற்காலிதான் காலி. உட்கார வைத்தேன், கண்வரை நுரை பூசினேன், தாடியில் கத்தி வைத்தேன்.

காத்திருந்த நீதிபதி எழுந்துவிட்டார். "மூளை கலங்கிடுச்சா கிழவா?"

அப்போது டாகெட்டே உள்ளே வந்தான். "என்னடா இது? இவன் உட்கார்ந்த நாற்காலியில நான் உட்காரணுமா?"

"ஆமாங்க ஐயா. இவருக்கு முடிஞ்சதும் உங்களுக்குத்தான். இதே பிரஷ்ஷு. சூடு ஆறாது."

தரையில் காறித் துப்பிவிட்டு வெளியேறினான். பின்னாலேயே எல்லாரும்.

ஒரு கறுப்பு முகத்தைத் தேடி ஆறு தாண்டி வந்தவன். அது கையெட்டும் தூரத்தில் இருந்தது. பார்க்கவே அருவருப்பாம் துரைக்கு!

11 மார்ச்

ஒருவரும் வரவில்லை. ஒரு கல் மட்டும் வந்தது, ஜன்னல் கண்ணாடி வழியாக.

12 மார்ச்

இன்றிரவு கனடாவுக்குக் கிளம்புகிறோம்; இந்தச் சட்டம் அங்கே செல்லாது. நாற்காலியும் வண்டியில் ஏறுகிறது. லவீனியா சிரிக்கிறாள்: "அப்பா, நான் உட்கார இடமிருக்கா?"

கனடா, சாத்தம், 27 ஏப்ரல்

பேத்தி பிறந்து ஒரு வாரம். அழுதால் நீதிபதியின் குரலையும் மிஞ்சுகிறாள்.

கடை திறக்கும் முன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஆம்ப்ரோஸ் நுரை பூசினான். அவனுக்குத் தாடி மறுபடி முளைத்துவிட்டது.

"மாமா, சிரிக்காதீங்க. வெட்டிடும்."

வெட்டிவிட்டான். காதோரம். படுமோசமான நாவிதன்.

நாளைக்கும் அவனிடம்தான்.