முதலில் கொழுந்துப் படம்

தகர டப்பாவின் மூடியை நெம்பித் திறந்ததும் கடை முழுக்கச் சூடம் மணந்தது. படச்சுருளுக்கே அந்த மணம் உண்டு என்று நீதான் சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்த மணம் வந்தால் கொஸ்லந்தைதான் ஞாபகத்துக்கு வரும். எதிரே உன் மகள் உட்கார்ந்திருந்தாள். கலியாணம் பேசி முடித்திருக்கிறார்களாம். அதற்கு முன் ஒரு தடவையாவது அம்மாவைப் படத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ரயிலேறி வந்திருக்கிறாள். ஆமாம், ரயில் இப்போது பதுளைக்கே வந்துவிட்டது. உனக்குத் தெரியாது. அவள் என்னை முதலாளி என்கிறாள். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டவன் நீ; இருந்திருந்தால் அவளைப் பெரியப்பா என்று கூப்பிட வைத்திருப்பாய்.

"அப்பா எடுத்த படத்துல எதை மொதல்ல பாக்கணுங்க மொதலாளி?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருவன்தான். தெரிந்து என்ன பயன்?

அப்புத்தளைப் பங்களாவில் நீ சமையல்கார அப்பு. துரையின் படப்பெட்டியையும் சுமந்து திரிந்தாய். சண்டைக்குப் போன துரை திரும்பவில்லை, பெட்டி உன்னிடமே தங்கிவிட்டது. படம் பிடிப்பதும் அந்தப் பெட்டிதான், விளக்கை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் காட்டுவதும் அதுதான். வேறொருவன் என்றால் கலியாண ஊர்வலத்தைப் பிடித்துப் பிழைத்திருப்பான். நீ தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினாய். கிறுக்கன் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லிக்கொண்டே என் கடை வெள்ளைத்துணியைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயத்து வாசலில் கட்டியதும் நான்தான்.

கூடையிலிருந்து கொழுந்து கிளம்பிப் பெண்களின் விரலுக்கு வந்தது. விரலிலிருந்து செடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கூடை காலியானது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும், "அப்ப நாளைக்கும் இதையேதான் பறிக்கணுமா?" என்றாள். சிரிப்பு நின்றுபோனது. உனக்கோ வாயெல்லாம் பல். இவளுக்குத்தான் படம் பார்க்கத் தெரிகிறது என்று என் காதில் சொன்னாய்.

இரண்டாவது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம். அதில் ஆட்களே இல்லை. மழைக்குப் போர்த்தும் கம்பளிகள் மட்டும் குச்சிகளில் வரிசையாக நிற்க, கங்காணியின் வாய் அசைய அசைய ஒவ்வொரு கம்பளியாகக் காணாமல் போகும். 

மூன்றாவது உன் பெண்சாதியின் படம். பெரகல ரோட்டில் பனிமூட்டம் இறங்கிய ஒரு காலையில் அவளை உன் பக்கம் பார்த்தபடியே பின்னுக்கு நடக்கச் சொன்னாய். விழுந்துவிடக் கூடாதே என்று மூட்டத்துக்குள் நின்று குரல் கொடுத்தது நான். என் குரலைப் பிடித்துக்கொண்டே சிரித்துச் சிரித்துப் பின்னால் வந்தாள். படத்தைத் திருப்பி ஓட்டினால் மூட்டத்துக்குள்ளிருந்து நம்மை நோக்கி நடந்து வருவாள்.

"மொதல்ல கொழுந்தத்தான் காட்டணும் நானா," என்பாய். "சாமான் திரும்பி வரும்னு சனத்துக்குப் பழகணும். அதுக்கப்புறந்தான் ஆளு திரும்பி வரலாம்."

அவள் காய்ச்சலில் போனாள். பிள்ளை அப்போது பால்குடி. கருமாதிக்குக் கொஸ்லந்தையில் கூடிய சொந்தக்காரர்கள் அவளைப் படத்தில் காட்டு என்றார்கள். முதலில் கொழுந்து என்று நீ கெஞ்சிப் பார்த்தாய். சாவு வீட்டில் கொழுந்து எதற்கு என்று உன் மாமியார் அழுதாள். அதுவரை நீகூட ஓட்டிப் பார்க்காத சுருளை மாட்டினாய்.

துணியில் வெறும் மூட்டம். பிறகு அதற்குள் சின்னதாக ஓர் உருவம், தோளில் கம்பளி. அது கிட்டே வரவும் உன் மாமியார் எழுந்தாள். துணியைப் பார்த்தாள், வெளிச்சம் வரும் வழியைத் திரும்பிப் பார்த்தாள். மகள் பெட்டிக்குள்தான் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். பெட்டியிலிருந்து சூட மணம் வேறு வருகிறதே. படையலுக்கு ஏற்றிய சூடத் தட்டை எடுத்துவந்து பெட்டிக்கே ஆராத்தி காட்டினாள். அவள்மேல் என்ன குற்றம்? செத்தவர்களுக்குச் செய்கிறதைச் செய்தாள்.

சுருள் குப்பென்று தீப்பிடித்தது. எல்லாரும் ஓடினார்கள். நீ மட்டும் கைப்பிடியை விடவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தால் முகம் தெரியும் என்று எரிகிற பெட்டியைச் சுற்றிக்கொண்டே நின்றாய். உன்னை இழுத்துப் போட்டவன் நான். அப்படி நின்றாயே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு வெந்துபோன உன் கை சரியாகவே இல்லை. அடுத்த மழைக்குள் நீயும் போய்விட்டாய். "தொடங்குன எடம் தப்பு நானா," என்றுதான் கடைசிவரை சொன்னாய்.

இதையெல்லாம் எப்படி உன் மகளிடம் சொல்வது? கொழுந்துச் சுருள் என்று நான் பத்திரப்படுத்திய டப்பாவில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிப்போன கட்டி கிடந்தது. பெரட்டுச் சுருள் பழுப்புப் பொடியாகிவிட்டது. அதனால் வாயால் சொன்னேன், நீ சொன்ன வரிசைப்படியே. கொழுந்து செடிக்குத் திரும்பியபோது சிரித்தாள். கம்பளிகள் மறைந்தபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பழகிவிட்டாள் என்று எனக்கே தோன்றியது. அப்புறம் மூட்டத்தைச் சொன்னேன்.

"அம்மா மொகம் எப்பிடிங்க இருக்கும்?"

எத்தனை தடவை உன் வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு வந்தது அவள் முதுகு. என் குரலுக்குப் பின்னுக்கு நடந்து வந்த முதுகு, நனைந்த கம்பளி, அவிழ்ந்துகொண்டிருந்த கொண்டை. அன்று நீ "போதும், வா" என்று கத்தியதும் என்னை விட்டு உன்னிடம் நடந்து போனாள். அப்போதும் நான் பார்த்தது முதுகைத்தான். மூட்டத்திலிருந்து அவள் வெளியே வந்ததைப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

"அம்மா உன்னப் போலத்தான் இருப்பா" என்று உன் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. டப்பா இரண்டையும் முந்தானையில் கட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். என்னிடம் இப்போது அந்த முதுகு மட்டும் இருக்கிறது. அதைத் திருப்ப எனக்குத் தெரியவில்லை.