மேகத்துக்கு ஒரு வலை

மார்ச் 3
தண்ணீர் வண்டி இன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தங்கை வந்து தையல் மேசையில் சாய்ந்துகொண்டாள். "அக்கா, நாங்க மழைப்பக்கம் போயிடுறோம். வீடு பாத்தாச்சு."

மலைக்கு அந்தப் பக்கம் வாழைத்தோப்பு, இந்தப் பக்கம் எங்கள் கள்ளிக்காடு. தீவு என்னவோ ஒன்றுதான். தையல் மிஷினை வேகமாக மிதித்தேன். நூல் அறுந்தது.

மார்ச் 7
பள்ளிச் சீருடைகளைக் கொடுக்க மலை தாண்டிப் போனேன். முகட்டில் ஒரே மேகம். மழை ஒரு சொட்டு இல்லை, ஆனால் புருவத்திலிருந்து தண்ணீர் வடிகிறது! பள்ளியில் பூகோள டீச்சரிடம் கேட்டேன்.

"கடல் காத்து ஈரத்தோட வந்து மலையில ஏறுது. மேல போகப் போகக் குளுந்து மேகமாயிடுது. எங்க பக்கம் கொட்டிட்டு, உங்க பக்கம் வெறுங்கையோட இறங்குது."

அந்த விருந்தாளியை வாசலிலேயே மடக்கினால் என்ன?

மார்ச் 9
என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். அவரிடம் சொன்னேன். "மேகத்துக்கு வலையா? புடிச்சு எங்க அடைப்ப, கோழிக்கூடையிலயா?" சிரித்தார். பிறகு கை கழுவப் போன இடத்திலேயே நின்று, "சரிவு நல்லாத்தான் இருக்கு. தண்ணி தானா இறங்கிடும், மோட்டாரே வேணாம்" என்றார்.

ஆள் என் யோசனையில் விழுந்துவிட்டார்.

மார்ச் 20
தோட்டத்து நிழல் வலையை இரட்டையாகத் தைத்து, முகட்டில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டினோம்.

மார்ச் 21
கிழிந்துவிட்டது.

தங்கை சொன்னாள்: "போதும்க்கா. ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?"

எதுக்கா? நீ போகக் கூடாதுன்னுதான்டி. சொல்லவில்லை. கிழிந்த வலையைச் சுருட்டினேன்.

மார்ச் 26
கிழிந்த வலையை மேசையில் விரித்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் ஆகவில்லை. காற்று ஓரத்தைத்தான் பிடித்து இழுத்திருக்கிறது. அப்படியா சேதி! ஓரத்தைப் பட்டையாக மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைத்தேன். ஊசிகள் உடைந்துகொண்டே இருந்தன. உடையட்டும்.

ஏப்ரல் 6
ஓரம் தைத்த வலையை மறுபடி கட்டினோம், நிற்கிறது. பேய்க்காற்று — நிற்கிறது!

ஏப்ரல் 7
விடிந்ததும் மூவரும் ஏறினோம். தங்கை வழியெல்லாம் முணுமுணுத்தாள். மேலே போனதும் வாயை மூடினாள்.

இழைக்கு இழை நீர்முத்து. ஒன்றோடொன்று சேர்ந்து வழுக்கி, கீழே வீட்டுக்காரர் பாதியாக அறுத்து வைத்த குழாயில் ஓடி, டிரம்மில் விழுகிறது. டிரம் நிரம்பி வழிகிறது! அவர் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். "உப்பே இல்லடி!" தங்கை வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா? ஈரத்தில் எது எதுவென்று தெரியவில்லை.

அப்போது சொல்லிவிட்டேன். "நீ போகக் கூடாதுன்னுதான் இத்தனையும்."

அவள் திரும்பவில்லை. "ஒரு வலை தெருவுக்குப் பத்துமா? இன்னும் வேணும். எனக்கும் கத்துக்குடு" என்றாள்.

மே 18
முகட்டில் இப்போது வரிசையாக வலைகள்; அங்கிருந்து போட்ட குழாய் தெருமுனைக்கு வந்துவிட்டது. திறந்ததும் முதலில் வெறும் காற்று. தெருவே குடத்தோடு மூச்சைப் பிடித்து நின்றது. குழாய் இரண்டு தரம் இருமியது. பிறகு கொட்டியது பாருங்கள்! கூச்சலில் என் காது இன்னும் ரீங்காரமிடுகிறது. வீட்டுக்காரரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "எறக்குங்கப்பா, இடுப்பு புடிச்சுக்கும்" என்று கத்தினார். முகமெல்லாம் பல்.

ஜூன் 11
தங்கை பார்த்து வைத்திருந்த மழைப்பக்கத்து வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்களாம்.

விடியும் முன்பே பின்பக்கம் துணி துவைக்கிற சத்தம். "ஏண்டி, மனுசங்க தூங்க வேணாமா?" என்று கத்தினேன்.

"முடிச்சிட்டு வலை தைக்க வரணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, தங்கை இன்னும் ஓங்கி அடித்தாள்.